பூமி சூடானால் பனிக்கு என்ன ஆகும்?

ஜனவரி வந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் பனி வீடியோக்கள் வரத் தொடங்கிவிடும். கனடாவில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் தன் காரைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுப்பார். காஷ்மீரில் ராணுவத்தில் இருக்கும் எங்கள் தெருப் பையன் முழங்கால் வரை பனியில் நின்று கை அசைப்பான். சென்னை ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தருகிறேன். அங்கே ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் தவறாமல் கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, பூமி சூடாகுதுன்னு சொல்றீங்க. அப்புறம் எப்படி இவ்ளோ பனி கொட்டுது?"

அது நியாயமான கேள்வி. "பனி குறைந்துகொண்டே வருகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டால் அந்த வீடியோவுக்குப் பதில் கிடைக்காது. பனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறைவதில்லை. சில இடங்களில் வேகமாகப் போகிறது, சில இடங்களில் அப்படியே நிற்கிறது, மிகக் குளிரான ஓரிரு இடங்களில் முன்பைவிட அதிகமாகக்கூட விழுகிறது. இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றேதான் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கே பனி என்று நான் சொல்வது, வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக விழுந்து தரையில் படியும் வெண்பனி. மார்கழி விடியலில் கோலத்தின் மேல் இறங்கும் ஈரம் அல்ல. அதேபோல பல நூறு, பல ஆயிரம் வருஷங்களாக இறுகிப்போய் மலையில் நிற்கும் பனியாறும் அல்ல. குளிர்காலத்தில் வந்து, வசந்தத்தில் கரைந்து, அடுத்த குளிர்காலத்தில் புதிதாக வருகிற பனிப்போர்வை இது. உலகத்தில் இப்படி வந்து போகும் பனியில் கிட்டத்தட்ட முழுவதும் வடக்கு அரைக்கோளத்தில்தான் இருக்கிறது. ஜனவரியில் அது உச்சத்துக்கு வரும்போது சுமார் 4.7 கோடி சதுர கிலோமீட்டரை மூடியிருக்கும். இந்தியாவைப் போல 14 மடங்கு பரப்பு. ஆகஸ்டில் பார்த்தால் கிரீன்லாந்தும் உயரமான சில மலைகளும் போக மிச்சம் எதுவும் இருக்காது. வருஷா வருஷம் இவ்வளவு பெரிதாக விரிந்து சுருங்குவது நிலத்தின் மேல் வேறு எதுவும் இல்லை.

இப்போது காசிமேட்டுக்கு வாருங்கள்.

மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலையில் போனவர்களுக்குத் தெரியும், அங்கே மீனுக்கு அடுத்தபடியாக அதிகம் நடமாடுவது ஐஸ்தான். ஐஸ் கம்பெனியிலிருந்து ஆள் உயரத்துக்கு வரும் பார்களை மெஷினில் போட்டு நொறுக்கி, படகுக்கும் பெட்டிக்கும் அள்ளிக் கொட்டுவார்கள். அந்த ஐஸை இரண்டு இடங்களில் வைத்துப் பார்ப்போம். ஒன்று, ஏற்றுமதி மீன் வைக்கும் குளிர்கிடங்கு. உள்ளே மைனஸ் 20 டிகிரி. கரண்ட் போய் உள்ளே மூன்று டிகிரி ஏறினாலும் அது மைனஸ் 17தான். ஐஸுக்கு ஒன்றும் ஆகாது. இன்னொன்று, ரோட்டோரம் மீன் விற்கும் அக்காவின் தெர்மாகோல் பெட்டி. அதில் ஐஸ் சரியாக பூஜ்யம் டிகிரியில் நிற்கிறது. வாடிக்கையாளருக்குக் காட்ட நாலு தடவை மூடியைத் திறந்தால் போதும், அடியில் தண்ணீர் தேங்கிவிடும். ஏறிய சூடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்று பூஜ்யத்திலிருந்து தூரத்தில் இருந்தது, மற்றது பூஜ்யத்தின் விளிம்பில் இருந்தது.

உலகத்துப் பனி முழுவதுக்கும் இதே கணக்குதான். சைபீரியாவின் உட்பகுதியிலும் கனடாவின் வடகோடியிலும் நடுக் குளிர்கால வெப்பநிலை மைனஸ் 25, மைனஸ் 30 என்று இருக்கும். அங்கே இரண்டு டிகிரி ஏறினாலும் ஜனவரிப் பனி பனியாகவே இருக்கும். ஆல்ப்ஸ் மலையின் கீழ்ச்சரிவுகள், அமெரிக்காவின் மேற்குக் கரை மலைகள், நம் இமயமலையின் நடுத்தர உயரங்கள் இவையெல்லாம் விளிம்பில் இருக்கும் பெட்டிகள். அங்கே ஒரு டிகிரி ஏறினாலே, முன்பு பனியாக விழுந்தது மழையாக விழ ஆரம்பிக்கும். மேலே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி குளிர் கூடும் என்பதால், தரையில் ஒரு டிகிரி ஏறினால் பனி விழத் தொடங்கும் எல்லை மலையில் ஏறத்தாழ 150 மீட்டர் மேலே நகர்ந்துவிடும். 150 மீட்டர் என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றலாம். சாய்வான மலைச்சரிவில் அது எத்தனை கிராமங்களின் கொல்லைப்புறம் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்டர் காட்லீப், ஜஸ்டின் மான்கின் இருவரும் 2024 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த விளிம்புக்கு ஒரு எண் கொடுத்தது. குளிர்காலச் சராசரி வெப்பநிலை மைனஸ் 8 டிகிரிக்குக் கீழே இருக்கும் ஆற்றுப்படுகைகளில், கொஞ்சம் சூடு ஏறினாலும் பனியில் பெரிய மாற்றம் இல்லை. மைனஸ் 8ஐத் தாண்டிவிட்டால், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் முந்தைய டிகிரியைவிட அதிகப் பனியைக் கரைக்கிறது. மேட்டிலிருந்து மெதுவாக இறங்குவது போல இல்லாமல், ஒரு இடத்தில் சட்டென்று செங்குத்தாகிவிடுகிறது. வருத்தமான விஷயம் என்னவென்றால், மனிதர்கள் நெருக்கமாக வாழ்வதும் பனித்தண்ணீரை நம்பி இருப்பதும் பெரும்பாலும் இந்த விளிம்பை ஒட்டிய இடங்களில்தான். மைனஸ் 30 டிகிரியில் பத்திரமாக இருக்கும் பனியை நம்பி வாழ்பவர்கள் மிகக் குறைவு.

சரி, அதிகமாகப் பனி விழுவது எப்படி? காற்று ஒரு டிகிரி சூடானால் அது ஏந்தக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். நவம்பர், டிசம்பரில் நம் ஊரில் ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும் மழைக்குப் பின்னாலும் இந்தக் கணக்கு இருக்கிறது. மேகத்தில் ஈரம் அதிகமாக இருந்து, கீழே குளிரும் இன்னும் பூஜ்யத்துக்கு அடியிலேயே இருந்தால், அந்த ஈரம் பெரும்பனியாக இறங்கும். அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்கு அருகே 2022 நவம்பரில் சில நாட்களிலேயே இரண்டு மீட்டர் அளவுக்குப் பனி குவிந்தது. பக்கத்தில் இருந்த ஈரி ஏரி உறையாமல் திறந்த தண்ணீராகக் கிடந்தது, அதன் மேல் குளிர்காற்று வீசி ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் கொட்டியது. ஆக, பனி கொட்டுவதற்குக் கடுங்குளிர் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். ஒரு பெரும்பனி வீடியோ பூமி குளிர்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

ஒரு வருஷத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்பதற்கு கலிபோர்னியாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே ஏப்ரல் 1ஆம் தேதியை ஒட்டி சியரா நெவாடா மலைகளில் பனியை அளப்பார்கள். 2015இல் இருந்தது இயல்பான அளவில் வெறும் 5 சதவீதம். வழக்கமாக ஆளை மூழ்கடிக்கும் பனி இருக்கும் இடத்தில், அன்றைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காய்ந்த புல்லின் மேல் நின்று தண்ணீர்க் கட்டுப்பாட்டை அறிவித்தார். அதே மலைகளில் 2023 ஏப்ரலில் இயல்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பனி. இப்படி மேலும் கீழும் தாவும் எண்களுக்கு நடுவே நீண்டகாலப் போக்கைக் கண்டுபிடிக்கத்தான் செயற்கைக்கோள்கள் உதவுகின்றன. அமெரிக்க அரசின் வானிலைச் செயற்கைக்கோள்கள் 1966 முதல் வடக்கு அரைக்கோளத்தின் பனிப்பரப்பை விடாமல் குறித்து வருகின்றன. ஒரு அளவீட்டை இவ்வளவு வருஷம் விடாமல் செய்த அந்த மனிதர்களை நினைத்தால் மரியாதை வருகிறது.

அந்தப் பதிவில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். நடு ஜனவரியில் பனிப்பரப்பு பெரிதாகக் குறையவில்லை. குறைவது வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும். ஆர்க்டிக் பகுதியில் ஜூன் மாதப் பனிப்பரப்பு 1967 முதல் 2018 வரை பத்து வருஷத்துக்குச் சுமார் 13 சதவீதம் என்ற வேகத்தில் சுருங்கியிருக்கிறது. காரணம் அதே பூஜ்யம்தான். ஜனவரியில் குளிர்கிடங்காக இருக்கும் அதே நிலம் மே, ஜூனில் தெர்மாகோல் பெட்டி ஆகிவிடுகிறது. அதனால் வீடியோ எடுக்கும் ஜனவரியில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. யாரும் வீடியோ எடுக்காத மே மாதத்தில், பனி முன்பைவிடச் சீக்கிரமே காணாமல் போயிருக்கும்.

முன்னதாகப் போனால் என்ன? இரண்டு விஷயங்கள் நடக்கும்.

முதலாவது, வெளிச்சம். புதிதாக விழுந்த பனி தன் மேல் விழும் சூரிய ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பழசாகி ஈரமான பனி பாதியைத் திருப்பும். பனி போன பிறகு வெளியே வரும் மண்ணோ காடோ 10, 20 சதவீதத்தைத்தான் திருப்பும். மீதியை எல்லாம் விழுங்கிச் சூடாகும். இந்தத் திருப்பி அனுப்பும் திறனுக்கு ஆல்பிடோ என்று பெயர். டிசம்பரில் வட துருவத்தை ஒட்டிய இடங்களில் சூரியனே எட்டிப் பார்க்காது, அப்போது பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. மே, ஜூனில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. பனி மிகவும் தேவைப்படும் அந்த மாதங்களில்தான் அது மறைந்துகொண்டிருக்கிறது. சூடு பனியைக் குறைக்கிறது, குறைந்த பனி சூட்டைக் கூட்டுகிறது. 1979க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, தண்ணீர். பனியை எவ்வளவு உயரம் என்று அளப்பதைவிட, உருக்கினால் எவ்வளவு தண்ணீர் வரும் என்று அளப்பதுதான் பயன்படும். பொலபொலவென்று விழுந்த பத்து சென்டிமீட்டர் பனியை உருக்கினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்தான் கிடைக்கும். நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்த ஜேம்ஸ் சர்ச் என்ற பேராசிரியர், 1900களின் தொடக்கத்தில் மவுன்ட் ரோஸ் என்ற மலையில் இதற்கு ஒரு எளிய வழி கண்டார். நீளமான உலோகக் குழாயைப் பனிக்குள் தரை வரை இறக்கி, உள்ளே ஏறிய பனியோடு அப்படியே தூக்கி எடை போட்டுவிடுவது. எடை தெரிந்தால் தண்ணீர் தெரிந்துவிடும். இன்றைக்கும் மலைகளில் அந்தக் குழாயை வைத்து அளக்கிறார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியாமல் போகலாம், ஏனென்றால் நாம் குடிக்கும் தண்ணீரில் பனி கிடையாது. புழல் ஏரிக்கு வருவது மழை. கண்டலேறு வழியாகப் பூண்டிக்கு வரும் கிருஷ்ணா தண்ணீரும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழைதான். வடக்கே அப்படி இல்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றுத் தொந்தரவுகள் காஷ்மீர், லடாக், இமாசலத்தில் பனியைக் கொட்டிவிட்டுப் போகும். அது ஏப்ரல், மே, ஜூன் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஆற்றில் வரும். பருவமழை இன்னும் வராத, வயலுக்குத் தண்ணீர் தேடும் மாதங்கள் அவை. சிந்து நதியின் ஓட்டத்தில் சுமார் 40 சதவீதம் பனி உருகிய தண்ணீர். கங்கையில் அது சுமார் 10 சதவீதம்.

அதே ஈரம் பனிக்குப் பதிலாக மழையாக விழுந்தால், வருஷத்தின் மொத்தத் தண்ணீர் குறையாமல் இருந்தாலும் அது ஜனவரியிலேயே ஓடிவிடும். ஜூனில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். டிசம்பரில் தெருவில் படகு விட்ட ஊர், 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். தண்ணீர் எவ்வளவு வந்தது என்பதோடு எப்போது வந்தது என்பதும் வாழ்வா சாவா என்று ஆகிவிடுகிற விஷயம்.

இமயமலையில் இது ஏற்கெனவே தெரியத் தொடங்கிவிட்டது. சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் குல்மர்க், பனிச்சறுக்குக்குப் பேர் போன இடம். 2024 ஜனவரியில் அங்கே வெறும் பழுப்புப் புல்வெளிதான் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மர்க் பகுதியை, பனி இல்லை என்று தள்ளிவைத்து மார்ச்சில் நடத்தினார்கள். காத்மாண்டுவில் இருக்கும் இசிமோட் என்ற மலைவள ஆய்வு மையம், 2024-25 குளிர்காலத்தில் இந்துகுஷ் இமயமலைப் பகுதியில் பனி தரையில் தங்கிய அளவு இயல்பைவிட 23.6 சதவீதம் குறைவு, 23 ஆண்டுகளில் இதுவே மிகக் குறைவு என்று அறிவித்தது. தொடர்ந்து மூன்றாவது வருஷமாகக் குறைவு. முன்பு சொன்னபடி, இதை வைத்து மட்டும் நீண்டகால முடிவு எடுக்கக் கூடாது. ஆனால் விளிம்பில் இருக்கும் இடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இது காட்டுகிறது.

பனிக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், 140 வருஷம் பழைய ஒரு சம்பந்தம் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டிகள் வழியாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எண்ணூரிலிருந்து வியாசர்பாடி வழியாக ஓடும் நம் பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தக் காலத்து ஆளுநரின் பெயர்தான். அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை, பஞ்ச நிவாரண வேலையாக, பசியோடு வந்த மனிதர்களே வெட்டினார்கள். மழை பொய்க்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும்?

அந்தக் கேள்வியைத் தலையில் சுமந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். 1875இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர். இமயமலையில் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பனி அதிகமாக இருந்த வருஷங்களில் அடுத்து வரும் பருவமழை மெலிந்திருந்ததைக் கவனித்து, 1884இல் எழுதினார். 1886 ஜூன் 4 முதல் முறையான பருவமழை முன்னறிவிப்பு வெளிவரத் தொடங்கியது. பனி கூடினால் மழை மெலிவதற்கான காரணத்தை மீன் பெட்டியிலேயே பார்க்கலாம். பெட்டியில் கடைசி ஐஸ் துண்டு இருக்கும் வரை உள்ளே பூஜ்யத்தை ஒட்டியேதான் இருக்கும், வருகிற சூடெல்லாம் கரைப்பதற்கே செலவாகிவிடும். ஒரு கிலோ ஐஸைக் கரைக்கும் சூட்டில், அதே ஒரு கிலோ தண்ணீரை பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை ஏற்றிவிடலாம். மலையில் பனி நிறைய இருந்தால் வெயில் அதைக் கரைப்பதிலும், பிறகு ஈர மண்ணைக் காய வைப்பதிலும் போய்விடும். நிலம் சூடேறத் தாமதமாகும். நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம்தானே பருவக்காற்றை இழுப்பது, அது தளர்ந்துவிடும். 1988இல் வந்த 16 அளவீடுகள் கொண்ட முன்னறிவிப்பு முறையிலும் இமயமலைப் பனிக்கும் யூரேசியப் பனிக்கும் இடம் இருந்தது.

அப்படியானால் பனி குறைவது நமக்கு நல்லதா, மழை கூடுமா என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கணக்குப் போட முடியாது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ, இந்தியப் பெருங்கடலின் சூடு, காற்றில் இருக்கும் தூசு எல்லாம் பருவமழையை இழுத்துப் பிடிக்கின்றன. பனியின் கை அவற்றில் ஒன்றுதான். பிளான்ஃபோர்ட் கண்ட உறவும் எல்லா வருஷமும் எல்லாக் காலத்திலும் ஒரே உறுதியோடு இருக்கவில்லை.

கடலோரத்தில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பருவப் பனி கரைந்து கடல் மட்டத்தை உயர்த்துவதில்லை. அது கடலிலிருந்து ஆவியாகப் போய், பனியாக விழுந்து, அதே வருஷத்தில் கடலுக்குத் திரும்பும் தண்ணீர். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நாம் அஞ்சும் கடல் மட்ட உயர்வுக்குக் காரணம் பனியாறுகளும் கிரீன்லாந்து, அண்டார்டிகா பனிப்படலங்களும் உருகுவதும், சூடான கடல்நீர் விரிவதும்தான்.

எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் இருப்பவர்களுக்கு அனல்மின் நிலையக் கரி புதிதல்ல. காயப்போட்ட துணியைத் தொட்டால் விரலில் ஒட்டும். இப்படிப்பட்ட கரித்துகள் பனியின் மேல் படிந்தால் அதை அழுக்காக்கி, வெயிலை உறிஞ்ச வைத்து, சீக்கிரம் கரைத்துவிடும். இமயமலைக்கு அந்தக் கரி பெரும்பாலும் கங்கைச் சமவெளியின் விறகடுப்பு, செங்கல் சூளை, டீசல் புகையிலிருந்து போகிறது. கரித்துகள் காற்றில் ஒரு வாரம் போல இருந்துவிட்டு விழுந்துவிடும், அதனால் அதன் பாதிப்பு பெரும்பாலும் அந்த வட்டாரத்தோடு நின்றுவிடும். ஆனால் அதே புகைபோக்கியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் கார்பன் டை ஆக்சைடு அப்படி இல்லை. அது ஓரிரு வருஷத்தில் உலகம் முழுவதும் கலந்துவிடும், அதில் ஒரு பங்கு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து போவதும் அமெரிக்காவின் ஓஹியோவிலிருந்து போவதும் குல்மர்க் பனிக்கு ஒன்றுதான்.

ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கை சொல்லும் கணக்கு இது: உலகச் சராசரி வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் வடக்கு அரைக்கோளத்தின் வசந்தகாலப் பனிப்பரப்பு சுமார் 8 சதவீதம் சுருங்கும். இதில் ஒரு நல்ல விஷயமும் ஒளிந்திருக்கிறது. பனியாறு ஒன்று அழிந்தால் திரும்பி வரப் பல தலைமுறை ஆகும். பருவப் பனி வருஷா வருஷம் புதிதாகத் தொடங்குவதால், பழைய இழப்பின் பாக்கி அதற்குக் கிடையாது. வெப்பநிலை எந்த வருஷம் ஏறுவதை நிறுத்துகிறதோ, அதை ஒட்டியே பனிப்போர்வை சுருங்குவதும் நின்றுவிடும்.